குடும்பத்துக்கு நெருக்கமானவர் சொன்னது

கண்ணு,

நல்லா இருக்கிறாயா என்று கேட்டு ஆரம்பிக்க இந்த முறை எனக்கு மனம் வரவில்லை. நீ நன்றாகத்தான் இருக்கிறாய் என்பது குடும்பக் குழுவில் நீ போட்ட படத்திலேயே தெரிந்தது. கொச்சி ஆபீசில் எல்லோரும் கேக் வெட்டுகிறீர்கள். உன் கையில் கண்ணாடியில் செய்த ஒரு கேடயம். இந்த மாதம் நம் இணையதளத்தில் அதிகம் பேர் படித்தது நான் எழுதிய பக்கம் என்று கீழே நீயே எழுதியிருந்தாய். உன் அம்மா வரிசையாகக் கைதட்டல் போட்டாள். உன் பெரியம்மா மகன் நெருப்புப் படம் போட்டான். நான் எதுவும் போடவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போனேன். அங்கே ராசு பால் கறந்துகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் வாசல் வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். என் சொந்தக் கொட்டகைக்குள் நுழைய முடியாமல் நான் திரும்பியது இதுதான் முதல் தடவை.

இதை உனக்கு மட்டும் எழுதி உறையில் ஒட்டி அனுப்பப் போவதில்லை. நீ எழுதியதை ஊர் உலகமே படித்தது. நான் எழுதுவதையும் படிக்கட்டும். ராசுவின் மகள் ரேவதியிடம் கேட்டுவிட்டுத்தான் அவள் பெயரை எழுதுகிறேன். "பேரப் போடுங்க, அது ஊருக்கே தெரியும். மத்ததப் போடாதீங்க" என்றாள். அதனால் அந்த இன்னொரு சொல் இந்தக் கடிதத்தில் எங்கேயும் வராது. எத்தனை பேர் தேடினாலும் இங்கே கிடைக்காது.

உன் வேலை என்ன என்று, எல்லைக்குக் கேரளப் பக்கம் இருக்கிற நம் மீனாட்சிபுரம் டீக்கடையில் கேட்பவர்களிடம் இத்தனை நாள் பத்திரிகை என்று பெருமையாகச் சொல்லி வந்தேன். இப்போதுதான் உட்கார்ந்து புரிந்துகொண்டேன். சனங்கள் போனில் எதைத் தேடுகிறார்கள் என்று காலையில் பார்க்கிறாய். அவர்கள் தட்டிய கேள்வியையே தலைப்பாக வைத்து மதியத்துக்குள் ஒரு பக்கம் எழுதிப் போடுகிறாய். ரேவதியின் பெயர் அடிபட்ட அந்த வாரம் உனக்கு நல்ல விளைச்சல். மலையில் பேய்மழை, ஒரு இடைத்தேர்தல் எண்ணிக்கை, யாரோ நடிகையின் கல்யாணம், தங்கம் ஏறுகிறது, எல்லாம் ஒரே வாரத்தில் வந்து விழுந்தன. நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவா, எந்த அணை திறந்திருக்கிறது, நடிகை கட்டிய பட்டு எந்தக் கடையில் எடுத்தது, அந்தக் கடைக்கு கோயமுத்தூரில் கிளை உண்டா. நானும் இந்தக் கூட்டத்துக்கு வெளியே நிற்கிற ஆளில்லை. என் போனைத் திறந்து பார்த்தேன். மழை, அணை, தேங்காய் விலை, அதற்குக் கீழே "ரேவதி ஃபயர்ஃபோர்ஸ் சம்பளம்" என்று இருக்கிறது. நான் தட்டியதுதான். நம் தோட்டத்தில் மாடு கறக்கிறவரின் மகள் எவ்வளவு வாங்குகிறாள் என்று தெரிந்துகொள்ள எனக்கு அவ்வளவு அவசரம். உன் அம்மா அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்றா என்று தேடியிருக்கிறாள். பத்து தென்னை தள்ளி இருக்கிற வீட்டுக்கு நடந்து போய்க் கேட்காமல் போனில் தேடியிருக்கிறோம். சிரிப்பாய்ச் சிரிக்கிறது நம் பவிசு.

படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ரேவதி தீயணைப்புப் படையில் வேலைக்குச் சேர்ந்து இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்த மழையில் மலையூர் அகளிக்கு மேலே ஒரு தாழ்ந்த பாலம் முங்கிப்போய், அக்கரையில் சிலர் மாட்டிக்கொண்டார்கள். கயிறு கட்டினார்கள். இரண்டு வயதுக் குழந்தை ஒன்றை முதுகில் சேலையால் கட்டிக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் கயிற்றைப் பிடித்தபடி இவள் இக்கரைக்கு வந்தாள். நடுவில் ஒரு மரக்கட்டை வந்து இடித்தது. ஒரு கை விட்டுப்போனது. மறுகை விடவில்லை. யாரோ எடுத்த அந்தப் படத்தை மறுநாளே நாடு பார்த்தது. பார்த்தவர்களுக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? இந்தப் பெண் சாப்பிட்டாளா, தூங்கினாளா, அடிபட்ட தோளுக்குக் கட்டுப் போட்டார்களா என்று தோன்றியிருக்க வேண்டும். அவர்கள் தேடியது ரேவதி வயது, ரேவதி கணவர், ரேவதி ஜாதி. மூன்றாவதுதான் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது என்று நீயே பட்டியலைப் படம் பிடித்துக் குழுவில் போட்டிருந்தாய், பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மையோடு.

அந்தப் புதன்கிழமை மத்தியானம் நீ எனக்குக் கூப்பிட்டாய். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவாய். அதனால் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்பா, டீவியில வர்ற ரேவதி நம்ம ராசு புள்ளதான?" என்றாய். ஆமாம் என்றேன். நீங்கள் இருவரும் ஒரே வேனில் பள்ளிக்கூடம் போனதைப் பற்றி ஏதாவது சொல்லப் போகிறாய் என்று நினைத்தேன். "அவீக என்ன ஆளுங்கப்பா?" என்றாய். உனக்குத் தெரியாதா? உறுதிப்படுத்திக்கொள்ளக் கேட்டிருக்கிறாய். எதற்கு என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மழை பெய்கிறதா என்று கேட்டதுபோல எண்ணி, கேட்டதைச் சொன்னேன். கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். "அவீக பொள்ளாச்சிப் பக்கமிருந்து பொழைக்க வந்தவீக. ராசுவோட அப்பன் காலத்துல வந்திருக்கோணும்." நீ சரிங்கப்பா என்று வைத்துவிட்டாய். மாட்டுக்குத் தவிடு வந்ததா, அம்மாவுக்கு முட்டிவலி எப்படி என்று எதையும் கேட்கவில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் ராசு பால் கேனை மூடி வைத்துவிட்டு என்னிடம் வந்தார். கையில் மூத்த மகள் வழிப் பேரனுடைய போன். "பண்ணாடி, தம்பி நம்ம புள்ளயப் பத்தி என்னமோ எழுதியிருக்குதாமா. எனக்கு எழுத்து மங்கலாத் தெரியுது. கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்று சிரித்த முகத்தோடு நீட்டினார். தன் மகளை நீ புகழ்ந்திருப்பாய் என்று நினைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பையன் எழுதினால் நல்லதாகத்தானே இருக்கும்? நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாக ஆரம்பித்தேன். யார் இந்த ரேவதி, அவர் எந்த ஜாதி, முழு விவரம் இதோ. அதுதான் தலைப்பு. முதல் நாலு பத்தியிலும் சரக்கே இல்லை. பலரும் தேடி வருகின்றனர், ஆர்வம் எழுந்துள்ளது, விவரம் வெளியாகியுள்ளது என்று அதையே சுற்றிச் சுற்றி எழுதியிருக்கிறாய். ஐந்தாவது பத்தியில் வந்தது. இன்ன ஜாதி. இவரது குடும்பம் தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புக்காக வந்து குடியேறியது என்று குடும்பத்துக்கு நெருக்கமானவர் ஒருவர் தெரிவித்தார். நான் நிறுத்தினேன். ராசு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அதாருங்க அந்த நெருக்கமானவரு? எங்கூட்டுக்கு அப்பிடி நெருக்கமா ஆரு இருக்கறா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். யாரென்று தெரியவில்லை என்று நான் சொன்னேன். என் அறுபது வயதில் நான் சொன்ன பொய்களிலேயே கேவலமான பொய் அது. நாற்பது வருஷமாகத் தினமும் விடியற்காலையில் என் முன்னால் நிற்கிற மனிதரிடம் அதைச் சொன்னேன்.

அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டுக் கத்தினேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கும். படிக்கிறவர்களும் தெரிந்துகொள்ளட்டும். "அப்பா, அதுதான் அன்னிக்கு ட்ரெண்டிங். நான் எழுதலீன்னா இன்னொருத்தன் எழுதுவான்." எழுதட்டுமே! அந்த இன்னொருத்தனுக்கு ராசுவின் வீட்டைத் தெரியாது. ரேவதி சின்ன வயதில் தன் சோற்று டப்பாவிலிருந்து உனக்குக் கொடுத்த முறுக்கைத் தெரியாது. என் போன் நம்பரும் தெரியாது. அவன் எழுதியிருந்தால் அரைகுறையாக எழுதியிருப்பான், யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். நீ எழுதியதால் அது நிஜமாகிவிட்டது. "தப்பா என்னப்பா எழுதிட்டேன், நீங்க சொன்னதுதான?" என்று கேட்டாய் பார், அதுதான் என்னை அடித்துப் போட்டது. ஏனென்றால் அது சரி. பக்கத்தை எடுத்துவிடு என்று கெஞ்சினேன். மேலதிகாரியிடம் கேட்கிறேன் என்றாய். மறுநாள் பார்த்தால் தலைப்பில் ஜாதி என்ற சொல்லை எடுத்துவிட்டுக் குடும்பப் பின்னணி என்று மாற்றியிருக்கிறாய். உள்ளே ஒரு எழுத்துகூட மாறவில்லை. நாற்றத்துக்கு மேல் துணியைப் போட்டு மூடுகிற இந்த வேலையை எங்கே கற்றுக்கொண்டாய் என்று பல்லைக் கடித்தேன்.

எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது? என்னிடம்தான் கற்றுக்கொண்டாய். உனக்கு ஒன்பது வயதிருக்கும்போது வேலந்தாவளம் மாட்டுச் சந்தைக்குக் கூட்டிப்போனேன். ஒரு ஆள் நல்ல கிடேரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மாட்டைப் பார்ப்பதற்கு முன்னால் ஆளைப் பார்த்தேன். எந்த ஊருங்க என்றேன். ஊரைச் சொன்னார். அந்த ஊரில் எந்தப் பக்கமுங்க என்றேன். பக்கத்தைச் சொன்னார். கும்பிடற கோயில் எதுங்க என்றேன். அதோடு முடிந்தது, எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. திரும்பி வரும்போது நீ, "எதுக்குங்கப்பா சாமியெல்லாம் கேட்டீங்க?" என்றாய். நான் சிரித்துக்கொண்டே, "நேரா கேட்டா மரியாதை இல்ல கண்ணு, இப்பிடிக் கேட்டா அவிங்களே சொல்லிருவாங்க" என்று விளக்கினேன். என்னவோ பெரிய சூட்சுமத்தைச் சொல்லிக்கொடுத்த மாதிரி எனக்கு ஒரு பூரிப்பு. இன்றைக்குப் போனில் நேராகத் தட்டுகிறவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவன் மூன்று கேள்வியை ஒரே கேள்வியாக்கிவிட்டான், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தில் ராசுவை நான் அவர் இவர் என்று எழுதுவது உனக்குப் புதிதாக இருக்கும். அவர் என் வயதுக்காரர். நீ பால்பல் விழாத வயதில் கொட்டகை வாசலில் நின்றுகொண்டு, "டேய் ராசு, இங்க வாடா" என்று கூப்பிட்டாய். அவர் "வந்தனுங்க சின்னப் பண்ணாடி" என்று ஓடி வந்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உன் மழலையில் அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. உன் மாமன்மார் வந்தபோது இன்னொரு தடவை கூப்பிடச் சொல்லிக் காட்டினேன். அன்றைக்கு ரேவதி தன் அப்பாவின் லுங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் உன் வயதுதான். அவள் இன்றுவரை என்னை எந்த முறை வைத்தும் கூப்பிட்டதில்லை. பண்ணாடி என்றதில்லை, ஐயா என்றதில்லை. மரியாதையாக ங்க போட்டுப் பேசுவாள், அவ்வளவுதான். ஏன் என்று எனக்குத் தெரியும்.

இப்போது நீ எழுதிய பக்கம் எங்கே போய் நின்றது என்று கேள். ரேவதிக்கு வேலை கிடைத்தது இடஒதுக்கீட்டில். நம் மாநிலத்தின் கிழக்கு எல்லையில் இருக்கிற எல்லோருக்கும் அதன் விதி தெரியும். அந்தச் சலுகை கேரளத்தில் கிடைக்க வேண்டுமென்றால் ஜாதி மட்டும் போதாது. குடும்பம் பல தலைமுறையாக இந்தப் பக்கமே இருந்தது என்றும் காட்ட வேண்டும். பின்னால் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வந்தவர்கள் என்றால் சர்ட்டிஃபிக்கேட் செல்லாது. அதனால்தான் நான் வாய் தவறிச் சொன்ன அந்த ஒரு வரி, ஜாதியைச் சொன்னதைவிடப் பெரிய நாசத்தைச் செய்தது. வேலைத் தேர்வுப் பட்டியலில் ரேவதிக்குப் பின்னால் இருந்த யாரோ ஒருவர் பராதி எழுதிப் புகார் கொடுத்துவிட்டார். இவள் குடும்பம் வந்தேறி, சர்ட்டிஃபிக்கேட் பொய் என்று. ஆதாரமாக உன் பக்கத்தை அச்செடுத்து, ஐந்தாவது பத்திக்கு அடியில் சிவப்பு மையால் கோடு போட்டு இணைத்திருக்கிறார். தாலூக்கா ஆபீசில் அன்வேஷணம், அதாவது விசாரணை. வருகிற திங்கட்கிழமை அவள் பழைய காகிதங்களோடு போய் நிற்க வேண்டும். காட்ட முடியாவிட்டால் சர்ட்டிஃபிக்கேட் போகும், அதோடு வேலையும் போகும். கயிற்றை விடாத கையை நீ ஒரு பத்தியில் அறுத்துவிட்டாய்.

அவர்கள் எங்கிருந்தும் வரவில்லை, கண்ணு. ராசுவின் அம்மாவைத்தான் பொள்ளாச்சிப் பக்கமிருந்து கட்டிக்கொண்டு வந்தார்கள். நம் வீட்டிலும்தான் மூன்று தலைமுறைப் பெண்களும் கோமங்கலத்துக்கும் உடுமலைக்கும் வாழப் போயும், அங்கிருந்து இங்கே வாழ வந்தும் இருக்கிறார்கள். யாராவது நம்மைக் கேட்டால் காலகாலமாக இங்கேதான் இருக்கிறோம் என்கிறோம். உண்மையில் மாட்டுவண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கியவர் என் பாட்டன். ஆனால் கூலிக்கு வேலை செய்கிறவர் யாராக இருந்தாலும், பிழைக்க வந்தவர் என்றுதான் நம் வாயில் வரும். நிலம் வைத்திருப்பவன் மண்ணின் மைந்தன், அதில் குனிந்து வேலை செய்கிறவன் வந்தவன். இப்படிப் பேசிப் பேசி நாக்கு பழகிவிட்டது. அந்தப் புதன்கிழமை பேசியது அந்த நாக்குதான்.

நோட்டீஸ் வந்த செய்தி தெரிந்த சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா தடுத்தாள். "பையன் பொழப்புங்க அது. நீங்க போயி எதுக்கு வெட்டவெளிச்சமாக்கறீங்க? அவன் கல்யாணத்த வெச்சுக்கிட்டு" என்றாள். நான் கேட்கவில்லை. வாய்க்கால் ஓரத்தில் அவர்கள் வீட்டு வாசலில் ராசு எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. ரேவதி தோளில் கட்டோடு உள்ளேயிருந்து வந்தாள். அந்த நெருக்கமானவர் நான்தான், என் மகன் கேட்டான், நான் சொன்னேன், அன்று காலையில் தெரியாது என்று சொன்னதும் பொய் என்றேன். ராசு என்னைப் பார்க்கவே இல்லை. நாற்காலியின் முதுகைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். ரேவதிதான் பேசினாள். "கேட்டது உங்க பையன். சொன்னது நீங்க. படிச்சது ஊரே. பதில் சொல்றதுக்கு மட்டும் நான் ஒருத்தி போகோணுமுங்களா?" என்றாள். மன்னித்துக்கொள் என்றேன். "அத வெச்சு நான் என்னங்க பண்றது? எங்க பாட்டனுக்கு அப்பன் பேரு எழுதின காயிதம் ஒன்னு வேணும். எங்கூட்ல எனக்கு முன்ன ஆரும் பள்ளிக்கொடம் போகல, ஆருக்கும் நெலமில்ல. வில்லேஜ் ஆபீஸ்ல மூணு நாளாத் தேடறேன். அவரு இருந்தாருங்கறதுக்கே ஒரு துண்டுக் காயிதம் இல்லீங்க." அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த மாதிரி ஒரு காகிதம் எங்கே இருக்கிறது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். அதை அங்கே சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு நாள் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளையும் எழுதாமல் விட்டால் இந்தக் கடிதமும் உன் பக்கம் மாதிரியே ஆகிவிடும். நம் இரும்பு அலமாரியில் என் பாட்டன் நிலம் வாங்கிய பழைய ஆதாரப் பத்திரம் இருக்கிறது, மலையாளத்தில் எழுதியது. நாலு பக்கமும் என்னென்ன அதிரு, அதாவது எல்லை, என்று அதில் வரிசையாக இருக்கும். கிழக்கே பொன்னன் குடில். பொன்னன் என்பவர் ராசுவின் அப்பாவுக்கு அப்பா. அரசாங்கம் கேட்கிற காலத்துக்கும் முந்தைய பத்திரம் அது. நம் பாட்டன் வண்டியில் வந்து இறங்கி நிலம் வாங்கியபோது பொன்னன் ஏற்கெனவே அங்கே குடியிருந்திருக்கிறார். ரேவதிக்கு வேண்டிய அத்தனையும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

அதைக் கொடுக்க எனக்கு ஏன் இரண்டு நாள் ஆனது? அந்தக் குடில் நம் எல்லைக்கு வெளியே இருந்தது, கண்ணு. நம் நிலத்துக்குள் இல்லை. எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது ஒரு நாள் என் அப்பா ஆள் வைத்து அதைப் பிரித்தார். தென்னை வைக்க இடம் வேண்டும், நீங்கள் வாய்க்கால் ஓரம் போய்க்கொள்ளுங்கள் என்றார். அவர்களும் போனார்கள். கூரை ஓலையை நாலு பேர் தூக்கிக்கொண்டு போக, பின்னால் ராசு ஒரு கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். அவருக்கும் ஏழு வயது. மறுவாரமே வேலி கிழக்கே நகர்ந்தது. எந்தக் காகிதமும் எழுதவில்லை, யாரும் கேட்கவில்லை. அந்த இடத்தில்தான் நான் உனக்கு வீடு கட்டுகிறேன். நீ கல்யாணம் முடிந்து வந்து இறங்க வேண்டும் என்று காற்றோட்டமான கிழக்குப் பக்கமாகப் பார்த்து அஸ்திவாரம் போட்டேன். அதற்குக் குழி வெட்டியது யார் தெரியுமா? ராசுதான். நாலு நாள் வெட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கும் பேசத் தோன்றவில்லை. ஆதாரத்தை நான் அதிகாரி முன்னால் வைத்தால், கிழக்கு எல்லை எங்கே இருந்தது என்பதும் சேர்ந்தே வெளியே வரும்.

மூன்றாம் நாள் காலையில் அதை எடுத்துக்கொண்டு போய் ரேவதியின் கையில் கொடுத்தேன். உன் அம்மா என்னோடு இன்னும் பேசவில்லை. எனக்கு மலையாளம் எழுத்துக் கூட்டித்தான் வரும். அவள் பள்ளிக்கூடத்தில் படித்தவள், தடதடவென்று வாசித்துக்கொண்டே போனாள். பொன்னன் என்ற பெயர் வந்ததும் நின்றாள். இன்னொரு தடவை வாசித்தாள். பிறகு தன் அப்பாவைப் பக்கத்தில் கூப்பிட்டு, அந்தப் பெயர் இருக்கிற இடத்தில் அவர் விரலைப் பிடித்து வைத்தாள். ராசு விரலை எடுக்கவில்லை. என்னென்னமோ தேடிக் கண்டுபிடிக்கிற இந்தக் காலத்தில், தன் பாட்டன் பெயரை எழுத்தில் முதல் தடவையாக அவர் அப்போதுதான் பார்த்தார். அது இத்தனை வருஷமாக என் அலமாரியில் இருந்திருக்கிறது. ரேவதி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கெழக்கு அதிருன்னு போட்டிருக்குது. அந்த எடம் இப்ப எங்கீங்க?" என்றாள். அவளுக்குத் தெரியும். நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். நான் வாயால் சொல்ல வேண்டும் என்று கேட்டாள். சொன்னேன். என் மகன் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டிருக்கிற இடம் என்றேன்.

கொத்தனாரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த இடத்தை அவர்கள் என்ன செய்யச் சொல்கிறார்களோ அதைச் செய்வேன். உன் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் பழைய வீட்டிலேயே நெருக்கி உட்காரட்டும். பெண் வீட்டாருக்கு இதை நான் சொல்வதைவிட நீ சொல்வது நல்லது. இல்லாவிட்டால் அவர்களும் தேடித் தெரிந்துகொள்வார்கள். அந்தப் பக்கத்தை எழுதவும் உன் ஆபீசில் யாராவது இருப்பார்கள்.

உன் மேல் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை, ஆறும் என்று பொய் சொல்லப் போவதில்லை. நீ பக்கத்தில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன், அதன்பிறகு உன்னைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன். கேட்டவனுக்கெல்லாம் பதில் சொல்வதுதான் தொழில் என்று நினைத்துவிட்டாய். சில கேள்விக்கு முகத்தில் அடித்தாற்போல் உனக்கு எதற்கு என்று திருப்பிக் கேட்கிறவன்தான் மனிதன். அதை உனக்கு நான் சொல்லித் தந்ததில்லை, எனக்கே இப்போதுதான் வந்திருக்கிறது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு தாலூக்கா ஆபீசில் நான் மொழி கொடுக்கப் போகிறேன். வாக்குமூலத்தை இங்கே அப்படித்தான் சொல்வார்கள் என்று உனக்குத் தெரியும். அந்த வரியைச் சொன்னது நான், அது பொய், இதோ ஆதாரம் என்று சொல்வேன். எழுதியது யார் என்று கேட்பார்கள். உன் பக்கத்தில் உன் பெயர் இல்லை, ஆபீஸ் பெயர்தான் இருக்கிறது. நான் உன் பெயரைச் சொல்வேன், தகப்பன் பெயரோடு, வீட்டுப் பெயரோடு, முழு விவரமாக. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால் காலையில் வந்துவிடலாம். நீ வந்து உன் வாயால் சொன்னால் நான் உன் பக்கத்தில் நிற்பேன். வராவிட்டால் ராசுவின் பக்கத்தில் நின்று நான் சொல்வேன்.

உன் அப்பா